23 லட்சம் தடவை ‘ஒன்றுமில்லை’

எங்கள் மில்லில் திங்கட்கிழமை காலை என்றால் முதல் போன் பஞ்சு டிபார்ட்மெண்டில்தான் அடிக்கும். குஜராத் லாரி எங்கே நிற்கிறது, வெள்ளிக்கிழமை ஒரு கேண்டி பஞ்சுக்குப் பேசின விலையில் புரோக்கர் இன்னும் நிற்கிறாரா என்று. 2024 ஏப்ரல் 8 அன்று மட்டும் முதல் போன் எனக்கு வந்தது. மணி எட்டே முக்கால். பேக்கரி வாசலில் டீயை வாங்கி இன்னும் வாயில் வைக்கவில்லை.

“ஏனுங்க தம்பி, நான் அனுப்பற மெயில் போகுதுங்களா, இல்லீங்களா?”

பஞ்சு மேனேஜர். நான் அண்ணா என்று கூப்பிட்டாலும் வயதில் என் அப்பாவுக்கு ஈடானவர்.

“ஏனுங்கண்ணா, போகலைங்களா?”

“போகலைன்னு திரையில சொல்லுது. சரின்னு மறுபடி அனுப்புனேன். மறுபடியும் அதையேதான் சொல்லுது. இப்ப ராஜ்கோட் புரோக்கர் கூப்பிட்டு, ஒரே மெயிலை நாலு தடவ அனுப்பறீங்களே, எம்மேல கோவமான்னு கேக்கறான்.”

இந்த வேலையில் நோயாளி சொல்லும் வார்த்தையிலேயே பாதி நோய் தெரிந்துவிடும். போகலை என்று சொல்கிறது, ஆனால் போயிருக்கிறது. அப்படியென்றால் வெளியே அனுப்பும் வேலை சரியாக நடக்கிறது. அனுப்பியதன் நகலை ‘சென்ட்’ ஃபோல்டரில் வைக்கும் இடத்தில்தான் இடறுகிறது. சர்வரால் எழுத முடியவில்லை. டிஸ்க் நிறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

எங்கள் மெயில் சர்வர் டைம் ஆபீஸுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் இருக்கிறது. அறுபது பேருக்கு மெயில். ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று கிளவுடுக்குக் கட்ட முதலாளிக்கு மனசு வரவில்லை. அதனால் மெயிலை வாங்கி அனுப்பப் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் போட்டுக் காட்ட டவ்காட். முதலாவது ஐபிஎம் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தபோது வீட்சே வெனிமா எழுதி 1998-இல் வெளிவந்தது. இரண்டாவது ஃபின்லாந்துக்காரர் டிமோ சிரைனென் 2002-இல் வெளியிட்டது. இரண்டுக்கும் காசு கிடையாது, இரண்டும் அநியாயத்துக்கு உறுதியானவை. இத்தனை வருடத்தில் இவை தானாகப் பழுதானதை நான் பார்த்ததில்லை. பழுது பண்ணுவதெல்லாம் நாம்தான்.

டிஸ்க்கில் எவ்வளவு இடம் என்று பார்க்க ‘டிஎஃப் -ஹெச்’ அடித்தேன். மெயிலுக்கென்று ஒதுக்கின 40 ஜிபியில் இன்னும் 6 ஜிபி காலி. லாகைப் பார்த்தால் வரிக்கு வரி ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’. இடம் இருக்கிறது என்கிறது ஒன்று, இல்லை என்கிறது இன்னொன்று. முதல் தடவை இதைப் பார்ப்பவருக்கு மண்டை காயும். எனக்கு ஏற்கெனவே ஒரு தடவை காய்ந்திருந்ததால் உடனே ‘டிஎஃப் -ஐ’ அடித்தேன். ஐநோட் 100 சதவீதம்.

ஐநோட் என்றால் என்னவென்று மேனேஜரிடம் அப்புறம் இப்படிச் சொன்னேன். நம் பஞ்சு கோடவுனில் எந்த லாட் வந்தாலும் அதற்கு ஒரு கார்டு போடுகிறோம் இல்லையா? நூறு பேல் லாட்டுக்கும் ஒரு கார்டு, ஒரு பேல் சாம்பிளுக்கும் ஒரு கார்டு. கோடவுன் கட்டின அன்றைக்கே மொத்தக் கார்டையும் அச்சடித்து வைத்துவிட்டார்கள், இனி ஒன்றுகூட அடிக்க மாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டு தீர்ந்தால் கோடவுன் பாதி காலியாகக் கிடந்தாலும் லாரியைத் திருப்பித்தான் அனுப்ப வேண்டும். லினக்ஸில் எக்ஸ்ட்4 என்ற டிஸ்க் அமைப்பு அப்படித்தான். வேறு எதுவும் சொல்லாவிட்டால் 16,384 பைட்டுக்கு ஓர் ஐநோட் என்று கணக்குப் போட்டு முதல் நாளே செய்து வைத்துவிடும். 40 ஜிபிக்கு 26,21,440. ஒரு ஃபைலுக்கு ஒன்று. ஃபைல் பெரிதா சிறிதா என்பது அதற்குக் கவலையில்லை.

எங்கள் சர்வரில் ஒரு மெயில் என்றால் ஒரு ஃபைல். மெயில்டிர் என்று பெயர். டேனியல் பெர்ன்ஸ்டைன் தன் கியூமெயிலுக்காக 1990களில் வகுத்த முறை. அதற்கு முன்னால் எம்பாக்ஸ் என்று ஒன்று. ஓர் ஆளின் அத்தனை மெயிலும் ஒரே நீள ஃபைலில், ஒன்றன் கீழ் ஒன்றாக. நடுவில் ஒன்றை அழித்தால் அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் திருப்பி எழுத வேண்டும். எழுதும்போது கரண்ட் போனால் போச்சு. மெயில்டிரில் அந்தப் பயம் இல்லை. புது மெயில் முதலில் ‘டெம்ப்’ என்ற அறையில் முழுதாக எழுதப்பட்டு, பிறகு ‘நியூ’ அறைக்கு நகரும். மெயில் புரோகிராம் அந்த ஃபோல்டரைத் திறந்த பிறகு ‘கர்’ அறைக்குப் போகும். படித்தது, பதில் போட்டது எல்லாம் ஃபைல் பெயரின் வாலில் ஒட்டும் எழுத்துகள். அழகான ஏற்பாடு. இதற்குக் கொடுக்கும் விலை, ஒரு வரி மெயிலும் ஒரு முழுக் கார்டைத் தின்னும்.

முதலில் மூச்சு விட வேண்டும். வேலையை விட்டுப் போன ஒருவரின் ஸ்பேம் ஃபோல்டரில் பதினோராயிரம் மெயில் கிடந்தது. அழித்தேன். போஸ்ட்ஃபிக்ஸை உசுப்பி, வரிசையில் காத்திருந்ததை எல்லாம் உள்ளே தள்ளச் சொன்னேன். வந்த எதையும் அது தொலைக்கவில்லை. பெட்டியில் போட முடியாததைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயன்று பார்க்கும். நாம் மாற்றி வைக்காவிட்டால் ஐந்து நாள் வரைக்கும். ஒன்பதே முக்காலுக்கு எல்லாருக்கும் மெயில் விழ ஆரம்பித்தது. மேனேஜருக்கும் ஆச்சு. நான் அத்தோடு மற்ற வேலையைப் பார்க்கப் போயிருந்தால் ஒரு வாரத்துக்குள் மறுபடியும் இதே கூத்து நடந்திருக்கும்.

எந்த ஃபோல்டர் கார்டைத் தின்கிறது? ‘டியூ’ கட்டளையிடம் எடையைக் கேட்காமல் தலைக்கட்டை எண்ணச் சொன்னால் எண்ணித் தரும். நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டது. கடைசி வரியைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டேன். பஞ்சு மேனேஜரின் பெட்டிக்குள் ‘கிரான்’ என்று ஒரு ஃபோல்டர். அதில் 23,09,412 ஃபைல்.

அடுத்து நான் செய்தது சுத்த மடத்தனம். அப்படி என்னதான் இருக்கிறது என்ற ஆசையில் பிரௌசரில் அந்தப் பெட்டியைத் திறந்து ஃபோல்டர் மேல் ஒரு கிளிக். அது வரைக்கும் அந்த ஃபோல்டரை ஒருவரும் திறந்ததே இல்லை. எல்லாம் ‘நியூ’ அறையில் தூங்கிக்கொண்டிருந்தன. நான் திறந்ததும் டவ்காட் தன் கடமையைச் செய்யத் தொடங்கியது: ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றி ‘கர்’ அறைக்கு நகர்த்துவது. 23 லட்சம் நகர்த்தல். சுழலும் பழைய டிஸ்க். லோடு நாற்பதுக்கு ஏறியது. இரண்டு நிமிடத்தில் அக்கவுண்ட்ஸிலிருந்து போன், ஸ்பின்னிங்கிலிருந்து போன், கடைசியில் முதலாளி அறையிலிருந்து போன். அந்த இணைப்பைப் பிடுங்கி எறிந்து எல்லாம் அடங்குவதற்குள் மணி பதினொன்றரை. மூன்று லட்சம் சொச்சம் அந்த அறைக்குப் போயிருந்தன. மிச்சம் இந்த அறையிலேயே.

சரி, கறுப்புத் திரையிலேயே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். வெறும் ‘எல்எஸ்’ அடித்தால் திரும்பி வராது. அது எல்லாப் பெயரையும் வாங்கி, அகர வரிசைப்படுத்தி, நிறம் பூசுவதற்காக ஒவ்வொரு ஃபைலையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் முதல் வரியையே காட்டும். கூடவே ‘-எஃப்’ போட்டால் கைக்கு வந்தபடியே கொட்டும். அந்த ஃபோல்டரின் சொந்த அளவைப் பார்த்தேன். உள்ளே இருக்கும் மெயிலின் அளவு இல்லை, பெயர்ப் பட்டியலின் அளவு மட்டும். சாதாரணமாக 4,096 பைட் இருக்கும். இதில் ஏறக்குறைய 190 எம்பி. ராத்திரி பத்துக்கு ஆரம்பிக்கும் பேக்கப் சில மாதங்களாகக் காலை வரைக்கும் ஏன் இழுத்தது என்று அப்போதுதான் உறைத்தது. டிஸ்க் பழசாகிவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மெயில் ஒன்றைத் திறந்தேன். உள்ளே ஒரே வரி: ‘0 ஃபைல்ஸ்’.

இன்னொன்று. ‘0 ஃபைல்ஸ்’.

ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் லேபில் ஹெச்விஐ இயந்திரம் இருக்கிறது. பஞ்சின் நீளம், வலு, இழை எவ்வளவு மெல்லிசு என்று சொல்லும் மைக்ரோனேர் எல்லாவற்றையும் அளந்து ரிப்போர்ட் போடும். அந்த ரிப்போர்ட் வந்தால் எடுத்து மேனேஜருக்கு மெயில் பண்ண நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடும்படி அவர் கணக்கிலேயே, சொன்ன நேரத்துக்கு வேலையை ஓட்டும் கிரானில் போட்டிருந்தேன். எத்தனை ஃபைல் அனுப்பினேன் என்று கடைசியில் ஒரு வரி அச்சிடும். சும்மா, எனக்குத் தெரிய. ஆனால் கிரானுக்கு ஒரு குணம். தான் ஓட்டும் வேலை வாயைத் திறந்து எதைச் சொன்னாலும் அதை உறையில் போட்டு அந்தக் கணக்குக்காரருக்கு அனுப்பிவிடும். அன்றைக்கே அவர் சத்தம் போட்டார். “நிமிசத்துக்கு ஒண்ணு வருதுங்க தம்பி, ஒண்ணுமில்லைன்னு சொல்றதுக்கு ஒரு மெயிலுங்களா? இதை எங்கியாவது ஓரமாப் போடுங்க.”

ஓரமாகப் போட்டேன். சீவ் என்று ஒரு வடிகட்டி மொழி இருக்கிறது. பெயருக்கே அர்த்தம் சல்லடைதான். தலைப்பில் ‘கிரான்’ என்று வந்தால் இன்பாக்ஸுக்கு விடாதே, கிரான் ஃபோல்டரில் தள்ளு. அவர் பக்கத்தில் நிற்க, இரண்டு நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்த ஃபோல்டர் அவர் திரையில் தெரியாதபடியும் பண்ணிவிட்டேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். ஸ்கிரிப்டில் அந்த ஒரு வரியை எடுத்திருக்கலாம். அதற்கு அதைத் திறந்து, திருத்தி, ஓட்டிப் பார்க்கணும். சல்லடை சுலபமாக இருந்தது. அந்த விதிக்கு மேலே என் கையெழுத்தாக ஒரு குறிப்பும் இருந்தது: ‘12-11-2019, டெம்பரரி’.

ஒரு நாளைக்கு 1,440 நிமிடம். வருடத்துக்கு 5,25,600. நாலு வருடம் ஐந்து மாதம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், சர்வர் நின்றிருந்த நாள் போக அப்படியே வந்தது. 2020 மார்ச் 25-க்கு அப்புறம் ஊரடங்கில் மில் கேட்டையே பூட்டிப் போட்டிருந்தோம். லேபில் ஆளில்லை, பஞ்சில்லை. அப்போதும் இது மட்டும் நிமிடம் தவறாமல் ‘0 ஃபைல்ஸ்’ என்று யாருமில்லாத கோடவுனுக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

சரி, அழிக்க வேண்டியதுதானே. கட்டளையை அடித்து எண்டர் தட்டக் கை போனது. முந்தின கட்டளை கொட்டிய பெயர்கள் திரையில் அப்படியே நின்றுகொண்டிருந்தன. டவ்காட் ஃபைல் பெயரிலேயே ‘எஸ்=’ என்று போட்டு மெயிலின் அளவையும் எழுதி வைக்கும். எஸ்=984, எஸ்=985, எஸ்=984, எஸ்=986. ஒரு கிலோபைட்டுக்கும் குறைவு. ஒரு வரி மெயில் என்றால் அவ்வளவுதான். கண் அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கும்போது நடுவில் ஒன்று: எஸ்=284113.

ஒன்றுமில்லை என்று சொல்ல யாருக்கும் 284 கிலோபைட் தேவைப்படாது.

திறந்தேன். ராஜ்கோட்டிலிருந்து. சங்கர்-6 ரகப் பஞ்சு, நூறு பேல், கூடவே டெஸ்ட் ரிப்போர்ட் பிடிஎஃப். தலைப்பின் முதல் வார்த்தை மைக்ரோனேர். எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் அந்த வார்த்தையை ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாகப் படித்தேன். எம், ஐ, சி, ஆர், ஓ, என்... சி, ஆர், ஓ, என். மைக்ரோனேரின் வயிற்றுக்குள் கிரான் உட்கார்ந்திருக்கிறது. நான் சல்லடைக்குச் சொன்னது, தலைப்பில் அந்த நாலு எழுத்து எங்கே வந்தாலும் பிடி என்று. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் அது பார்க்காது. பஞ்சு வாங்குகிறவரின் பெட்டியில், பஞ்சு வியாபாரத்தில் தினம் புழங்கும் வார்த்தையைப் பிடித்து இருட்டறையில் போடும் ஒரு விதி. எழுதினவன் நான்.

விரலை எண்டரிலிருந்து எடுத்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

முதலில் ஸ்கிரிப்டின் வாயை அடைத்து, சல்லடை விதியை எடுத்தேன். பிறகு, 23 லட்சத்துக்குள் மனிதர் எழுதிய மெயிலை எப்படிப் பொறுக்குவது? அளவை வைத்துப் பிரிக்கலாம் என்று முதலில் தோன்றியது. ஆனால் ‘சார், மைக்ரோனேர் ஓகேவா’ என்று ஒரே வரியில் கேட்டவர்களும் இருப்பார்களே. அப்புறம் ஞாபகம் வந்தது: கிரான் அனுப்பும் மெயிலின் தலைப்புப் பகுதியில் ‘எக்ஸ்-கிரான்-என்வ்’ என்று ஒரு வரியை அதுவாகவே எழுதும். மனிதர் யாரும் அதை எழுத மாட்டார்கள். அந்த வரி இல்லாத ஃபைலை மட்டும் பட்டியல் போடு என்று ‘கிரெப்’பிடம் சொல்லி, மற்றவர்களுக்கு இடைஞ்சல் வராதபடி மெதுவாக ஓடவிட்டு வீட்டுக்குப் போனேன். தூக்கம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் தூங்கினேன். காலையில் எழுந்ததும்தான் வயிற்றைக் கலக்கியது.

187 மெயில்.

அவற்றை எடுத்து அவர் பெட்டியில் ‘பழைய ரிப்போர்ட்’ என்று தனி ஃபோல்டராகப் போட்டேன். இன்பாக்ஸில் போட்டிருந்தால் அவை தம் பழைய தேதியோடு ஏதோ ஒரு மூலையில் போய் ஒளிந்திருக்கும். அவர் பார்க்கவே மாட்டார். அந்த யோசனையும் ஒரு நொடி வந்தது, மறைக்கவில்லை. யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் இதே மாதிரி ‘ஓரமாப் போட்டதால்’ வந்த வினைதானே இது.

அழிப்பதை இரண்டு பாராவில் எழுதும் அளவுக்கு ஒன்றுமில்லை. ‘ஆர்எம் நட்சத்திரம்’ போட்டால் ‘ஆர்கியுமெண்ட் லிஸ்ட் டூ லாங்’ என்று முறைக்கும். நட்சத்திரத்தை விரித்து 23 லட்சம் பெயரையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால் கெர்னல் வாங்காது, மூட்டைக்கு அளவுண்டு. ‘ஃபைண்ட்’டிடம் கொடுத்து ஒவ்வொன்றாக அழிக்கச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அந்த ஃபோல்டரை அப்படியே பெயர் மாற்றி மெயில் மரத்துக்கு வெளியே நகர்த்திவிட்டால் நல்லது; அதே டிஸ்க்குக்குள் என்பதால் கண் இமைக்கும் நேரம்தான் ஆகும், அழிப்பது எவ்வளவு நேரம் ஓடினாலும் டவ்காட்டுக்குச் சம்பந்தமில்லை. ஐந்து மணி நேரம் ஓடியது. முடிந்த பிறகு பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லாத அந்த ஃபோல்டர் இன்னும் 190 எம்பியைக் காட்டியது. எக்ஸ்ட்4-இல் பட்டியல் வீங்கினால் வீங்கினதுதான், ஆளெல்லாம் காலி செய்தாலும் வற்றாது. ஃபோல்டரையே எடுத்தேன். ஐநோட் 12 சதவீதத்துக்கு இறங்கியது. அன்றிரவு பேக்கப் பதினொன்றரைக்கெல்லாம் முடிந்துவிட்டது. பாவம், அந்த டிஸ்க்கை எவ்வளவு திட்டியிருப்பேன்.

செவ்வாய் மதியம், சாப்பாட்டுக்கு அப்புறம், மேனேஜர் அறைக்குப் போனேன். மேஜை மேல் வழக்கம்போல் நீலத்தாள் சுற்றின சாம்பிள்கள். இடது கையில் ஒரு பிடி பஞ்சை வைத்துக்கொண்டு விரலால் இழுத்து இழுத்து நீளம் பார்த்துக்கொண்டிருந்தார். லேபில் அவ்வளவு பெரிய இயந்திரம் இருந்தும் இந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு கதை, சல்லடை, மைக்ரோனேருக்குள் கிரான். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

“அப்ப அவன் அனுப்பியிருக்கான்” என்றார்.

“யாருங்கண்ணா?”

பதில் சொல்லாமல் அந்த ஃபோல்டரைத் திறந்து மெதுவாகக் கீழே இறங்கினார். 2021 ஜனவரியில் நின்றார். நான் திங்கட்கிழமை பார்த்த அதே நூறு பேல். அன்றைக்குக் கேண்டி விலை ஐம்பதாயிரத்துக்குக் கீழே. ரிப்போர்ட் அனுப்பாதவனிடம் எப்படி வாங்குவது என்று அந்த லாட்டை விட்டுவிட்டாராம். “அனுப்பிச்சேன்னு அவன் சொன்னான். பொய் சொல்றியான்னு கேட்டுட்டேன். அதுக்கப்புறம் அவன் மெயிலே போடறதில்லைங்க, எல்லாம் வாட்ஸ்அப்தான்.” அடுத்த வருடம் மே மாதத்தில் கேண்டி ஒரு லட்சத்தைத் தாண்டியது அவருக்கு மனப்பாடம். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிடிஎஃப்பைத் திறந்து மைக்ரோனேர் கட்டத்தில் விரலை வைத்தார். 3.9.

“நல்ல பஞ்சுங்க” என்றார்.

கையிலிருந்த சாம்பிளைத் தாளில் சுற்றி வைத்துவிட்டுப் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார். நான் எழுந்து போகலாமா என்று பார்த்தேன்; உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். அந்தப் பக்கம் ராஜ்கோட் குரல், பின்னால் ஜின்னிங் இரைச்சல். இவர் முப்பது வருடமாகப் பேசும் மில் ஹிந்தியில் ஆரம்பித்தார்.

“பாய், உங்க ரிப்போர்ட் வந்துருச்சு.”

“எந்த ரிப்போர்ட்? நான் இன்னைக்கு ஒண்ணும் அனுப்பலையே.”

“இன்னைக்கு இல்ல பாய். 2021 ஜனவரி.”

கொஞ்ச நேரம் ஜின்னிங் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அந்தப் பக்கம் சிரிக்க ஆரம்பித்தார்கள்.